வேறு ஆதரவு யாரும் இல்லை

ஆலங்கிணறு தாலுகா ஆபீஸுக்கு எதிரே டைப்பிங் கடை வைத்திருக்கிற தவசிலிங்கம், கடைகளில் விற்பதை நிறுத்திப் பல வருடமான ஒரு பழைய ஆபீஸ் மென்பொருளை ஓசியில் இறக்கித் தன் கம்ப்யூட்டரில் ஏற்றிய பதினேழாம் நாள், பதினொரு மணி பஸ்ஸில் நாற்பத்தாறு பேர் வந்து இறங்கினார்கள். நாற்பத்தாறு பேரும் எங்கள் ஊர்க்காரர்கள். அதில் ஒருவன் நான். அந்த நேரத்தில் நான் பக்கத்துக் கட்டடத்தில் என் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து, மிஷினில் மாட்டிக்கொண்ட தாளை இழுத்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸைவிட்டு இறங்கிய நான் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, யாரோ என்று தாண்டிப் போனேன்.

தவசிலிங்கத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவரைத் திருடன் என்று நினைத்துவிடுவீர்கள். டீக்கடைப் பொட்டலத்தில் ஒரு வடை கூடுதலாக வந்துவிட்டால் வெயிலில் திரும்ப நடந்து போய்க் கொடுத்துவிட்டு வருகிற மனிதர் அவர். ஆனால் இன்டர்நெட்டில் கிடப்பதெல்லாம் ரோட்டோர வேப்பமரம் மாதிரி, யார் வேண்டுமானாலும் குச்சி ஒடித்துக்கொள்ளலாம் என்று அவருக்கு ஒரு எண்ணம். சித்திரை வெயிலில் அவருடைய பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டது, செல்போன் கடை நியாஸ் அதன் வயிற்றிலிருந்து இருபது வருடத்து மனுக்களை எடுத்துப் புது கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தான், புதியதில் திறந்து பார்த்தால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக எழுத்தெல்லாம் கலைந்து கிடந்தது. ஜமாபந்திக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. வருடத்துக்கு ஒரு தடவை பெரிய அதிகாரி தாலுகா ஆபீஸில் வந்து உட்கார்ந்து கிராமம் கிராமமாக மனு வாங்குகிற அந்த நாட்களில்தான் தவசிலிங்கம் ஒரு வருடத்துக்கான சோற்றைச் சம்பாதிப்பார்.

"எல்லாத்தையும் புது எழுத்துல திரும்ப அடிச்சிருங்க அண்ணாச்சி, நானும் கூட உக்காந்து அடிக்கேன்" என்றான் நியாஸ்.

"ஒனக்கென்னப்பா, சொல்லிட்டுப் போயிருவ" என்றார் தவசிலிங்கம்.

அவனை அனுப்பிவிட்டு அவரே தேடினார். மூன்றாம் நாள், செத்துப்போன கம்ப்யூட்டரில் அவர் மனு அடித்துவந்த அந்தப் பழைய மென்பொருள் பெயரும் ஊரும் இல்லாத ஒரு இடத்தில் சும்மாவே கிடப்பதைக் கண்டுபிடித்தார். அதோடு கூட ஒரு குறிப்பும் இருந்தது. வைரஸ் தடுப்பை முதலில் அணைத்துவிடவும், எச்சரிக்கை ஏதாவது வந்தால் பொருட்படுத்த வேண்டாம், அது வழக்கமாக வருவதுதான் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்த ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசித்து அவருக்கு அர்த்தம் சொன்னவன் நான்தான், அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். இருமல் மருந்து பாட்டிலில் எழுதியிருப்பதைக் கேட்பவர் போலப் பயபக்தியாகக் கேட்டுக்கொண்டு, சொன்னபடியே அணைத்தார், சொன்னபடியே எச்சரிக்கை வந்தது, சொன்னபடியே பொருட்படுத்தாமல் விட்டார். மனுக்களெல்லாம் பழைய அழகோடு திறந்துகொண்டன. எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

இனி அந்த மனுக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தவசிலிங்கம் கம்ப்யூட்டர் வாங்கிய வருடம் முதன்முதலில் அடித்த மனு வெள்ளத்தாயுடையது. ரைஸ் மில்லில் சாக்குத் தைக்கிறவள், கால்வாய்க் கரைப் புறம்போக்கில் ஒரு குடிசை, அந்த இடத்துக்கு வீட்டுமனைப் பட்டா கேட்டு வந்திருந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. போட்டோவை ஸ்கேன் செய்து மேலே வலது மூலையில் ஒட்டி, அவள் சொன்னதைக் கேட்டுக் கேட்டு அடித்துக் கடைசியில், "எனக்கு வேறு ஆதரவு யாரும் இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று முடித்தார். அது அவள் சொன்ன வரி. அடுத்து வந்தவருக்கு மனு அடிக்கும்போது, புதிதாக எதற்கு அடிப்பானேன் என்று, வெள்ளத்தாயின் மனுவைத் திறந்து அவள் பெயரை அழித்து வந்தவர் பெயரையும், அவள் கேட்டதை அழித்து வந்தவர் கேட்டதையும் போட்டார். கடைசி வரியை அழிக்க மறந்துவிட்டார். அந்த மனு எட்டே நாளில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த வரி ராசியான வரி ஆகிவிட்டது. எட்டுப் பிள்ளை பெற்றவர் மனுவிலும் அந்த வரி இருந்தது, கூட்டுக்குடும்பத்தில் மூத்தவராக இருந்தவர் மனுவிலும் அந்த வரி இருந்தது, மின் இணைப்பைப் பெயர் மாற்றித் தரும்படி நான் முப்பத்தோராவது வயதில் கொடுத்த மனுவிலும் அந்த வரி இருந்தது. யாரும் வாசித்துப் பார்த்ததில்லை, தவசிலிங்கம் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டோம், எங்கள் ஃபைல்கள் நகர்ந்தன.

வெள்ளத்தாயின் ஃபைல் மட்டும் நகரவில்லை. ஒவ்வொரு ஜமாபந்திக்கும் வந்து நிற்பாள், தவசிலிங்கம் அவள் மனுவைத் திறந்து தேதியை மட்டும் மாற்றி அச்செடுத்துக் கொடுப்பார். தேதியை மட்டும்தான். அவளுடைய வயதும் போட்டோவும் மாறவே இல்லை, ஐம்பத்திரண்டு வயதான போதும் காகிதத்தில் அவள் முப்பத்திரண்டாகவே இருந்தாள்.

பஸ்ஸில் வந்து இறங்கியவர்களும் அப்படித்தான் இருந்தார்கள். மனு அடித்த நாளில் என்ன வயதோ அந்த வயது, போட்டோவில் என்ன முகமோ அந்த முகம். போட்டோவில் தெரிகிற தோள்வரைக்கும் சட்டையின் கட்டம், மூக்குத்தியின் கல் எல்லாம் துல்லியமாக இருந்தன. தோளுக்குக் கீழே ஆண், பெண் எல்லோரும் ஒரே சாம்பல் நிறத்தில் உடுத்தியிருந்தார்கள், அது வேட்டியா சேலையா என்று உற்றுப் பார்த்தாலும் சொல்ல முடியாது. கெட்டவர்கள் என்றும் சொல்ல முடியாது. பேர் கேட்டால் சொன்னார்கள், அப்பா பேர் கேட்டால் சொன்னார்கள், கதவு எண், ரேஷன் கார்டு எண், பிறந்த தேதி எல்லாவற்றையும் தடுமாறாமல் சொன்னார்கள், அதற்கு மேல் ஏதாவது கேட்டால், "எனக்கு வேறு ஆதரவு யாரும் இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று கையைக் கட்டிக்கொண்டார்கள்.

நியாஸ் வந்து தவசிலிங்கத்தின் கம்ப்யூட்டரைத் திறந்து வெகுநேரம் பார்த்தான்.

"எங்கேயோ ஒருத்தன் நம்ம மனு பூராவையும் வாசிச்சிருக்கான் அண்ணாச்சி" என்றான். "வீட்டுக்கு ஆள் வந்தா நாயைப் புடிச்சுக் கட்டுங்கம்பாங்க, சரி. கொன்னு போட்டுட்டுக் கதவைத் திறங்கன்னா யோசிக்க வேண்டாமா?"

தவசிலிங்கம் என்னைப் பார்த்தார். நான் ஜெராக்ஸ் எடுக்கப் போய்விட்டேன்.

உண்மையைச் சொன்னால், முதல் வாரம் எங்களுக்கு அவர்கள் வசதியாகவே இருந்தார்கள். ரேஷன் கடை வரிசையில் நிற்க அனுப்பினோம், போய் நின்றார்கள். ஆஸ்பத்திரி சீட்டு எடுக்க அனுப்பினோம், எடுத்து வந்தார்கள். டீக்கடையில் நுழைந்தால், "பழைய ஆளா, புது ஆளா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளாஸைக் கையில் எடுப்பார் டீ மாஸ்டர். தலை நரைத்த நாங்கள் புது ஆள், மீசை கறுத்த அவர்கள் பழைய ஆள். அவர்கள் டீ குடிக்க மாட்டார்கள், மனுவில் டீ இல்லை. சலூன்காரர் மட்டும், ஒருத்தனுக்கு முடி வெட்டி இன்னொருத்தனுக்குக் குறைந்துவிட்டால் யார் பொறுப்பு என்று இரண்டு நாள் கடையைச் சாத்தியிருந்தார், பிறகு பழகிவிட்டது என்று திறந்துவிட்டார்.

இரண்டாம் வாரம்தான் வினை தெரிந்தது. ஓய்வுபெற்ற வாத்தியார் சங்கரபாண்டியன், தான் உயிரோடு இருப்பதாக வருடா வருடம் கையெழுத்துப் போடுகிற ஆபீஸுக்குப் போனார்.

"சங்கரபாண்டியன் சார் காலையிலேயே வந்து உயிரோட இருக்கேன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரே" என்றார் அங்கிருந்தவர். "நீங்க யாரு?"

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. எங்கள் பெயரில் யார் யாரோ சிம் கார்டு வாங்கியிருந்தார்கள், எங்கள் விரல் ரேகைக்குத் திறக்காத கதவு அவர்கள் விரலுக்குத் திறந்தது, எங்கள் சான்றிதழ்கள் அவர்கள் கையில் புது மடிப்போடு இருந்தன. ஆபீஸ்காரர்களுக்கும் அவர்களைத்தான் பிடித்திருந்தது, போட்டோவும் முகமும் ஒத்துப்போகிறது, எதிர்த்துப் பேசுவதில்லை, எல்லாவற்றையும் பணிவுடன் சொல்கிறார்கள். எங்களைப் பார்த்தால்தான் காகிதத்தோடு எதுவும் ஒட்டவில்லை. ஒரு மனிதன் தொப்பையோடும் சர்க்கரையோடும் இத்தனை வருடம் உயிரோடு இருந்ததே தப்பு என்பது போல எங்களைப் பார்த்தார்கள்.

வழி கண்டுபிடித்தவள் என் மனைவி செண்பகவல்லி. கண்டுபிடிக்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை, சண்டை போடத்தான் வந்தாள். எங்கள் வீட்டு மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி நானே எழுதிக் கொடுத்துவிட்டதாக லைன்மேன் வந்து நின்றதும், மின்வாரிய ஆபீஸுக்கு நடந்து வந்து என்னுடைய பழைய மனுவை வாங்கி வாசித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் அவள் முகம் மாறிவிட்டது. அந்த மனு கொடுத்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், இரண்டாவது பிள்ளை கைக்குழந்தை.

"ஆதரவு யாரும் இல்லையாமே?" என்றாள். "அப்ப நான் செத்தா போயிருந்தேன்?"

அங்கே இரண்டு பேர் நின்றிருந்தோம், ஐம்பதைத் தொடப்போகிற நானும் முப்பத்தொன்றிலேயே நிற்கிற நானும். அவள் அந்தச் சின்ன வயது என்னை மேலும் கீழும் பார்த்தாள், சொல்லப்போனால் ஒரு மனைவி பார்க்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, "இதுதான் எங்க வீட்டு ஆளு. அவரு சொன்னா கேக்கிறவரு மாதிரி தெரியுது, நமக்குச் சரிப்படாது" என்று கிளார்க்கிடம் சொன்னாள். மற்றவன் வாயைத் திறந்தான், அவனுடைய ஒரே வரி அவனுக்கு வரவில்லை. கும்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான், பஸ் ஏறினான், போனான். செண்பகவல்லி அந்த ஒரு வரிக்காக நான்கு நாள் என்னோடு பேசவில்லை.

யாரைத் தன் ஆள் என்று கையைப் பிடிக்க ஒருவர் வருகிறாரோ அவர் இங்கே இருப்பார், மற்றவர் கிளம்பிவிடுவார், அவ்வளவுதான் விஷயம். ஊர் முழுக்கத் தகவல் பரவியது. மனைவிகள் வந்தார்கள், மகன்கள் மதுரையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் லீவு போட்டு வந்தார்கள், பேச்சை நிறுத்திப் பத்து வருடமான அண்ணன் தம்பிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டே கையைப் பிடித்தார்கள். வீட்டுக்கு வீடு அந்த வரியை வாசித்துவிட்டு ஒரு மூச்சு சண்டையும் நடந்தது. வாத்தியார் சங்கரபாண்டியனுக்காக அவர் பிரம்பால் அடித்த மாணவர்கள் பதினான்கு பேர் வந்தார்கள். பத்து நாளில் நாற்பத்தைந்து பேர் பஸ் ஏறிவிட்டார்கள். தவசிலிங்கம் கம்ப்யூட்டரைக் கழுவித் துடைக்கச் சொல்லி நியாஸிடம் கொடுத்தார், நியாஸ் எல்லாவற்றையும் அழித்தான். உள்ளே இருந்ததைத்தான் அவனால் அழிக்க முடிந்தது, வெளியே போனது இன்றைக்கு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

தாலுகா ஆபீஸ் வராண்டாவில் ஒருத்தி மிச்சம் இருந்தாள். நீலப் பூப்போட்ட சேலை தோளில் மட்டும் நீலமாகவும் அதற்குக் கீழே சாம்பலாகவும், முப்பத்திரண்டு வயதில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இந்த இடத்தில்தான் எங்களுக்கு விஷயம் உறைத்தது. எங்கள் எல்லோர் மனுவிலும் அந்த வரி பொய், அதனால் தப்பித்தோம். வெள்ளத்தாய் மனுவில் மட்டும் அது உண்மை. கையைப் பிடிக்க யார் வருவார்? அதுவும் அந்த வருடம்தான் புதிதாக வந்த தாசில்தார் அம்மா இருபது வருடத்துத் தூசியைத் தட்டி அவள் ஃபைலை எடுத்திருந்தார், ஜமாபந்தியின் கடைசி நாள் விசாரணை, பட்டா தயாராக இருக்கிறது, ஒரே ஒரு பெயர், ஒரே ஒரு ஆள். ஃபைலில் இருக்கிற போட்டோ வராண்டாவில் உட்கார்ந்திருப்பவளுடையது. வயதும் அவளுடையது. கால்வாயை அகலப்படுத்தப் போகிறார்கள், பட்டா இல்லாத குடிசைகளுக்குச் சுண்ணாம்பால் குறி போட்டாகிவிட்டது. அன்றைக்குப் பட்டா கைமாறிப் போனால் ஐம்பத்திரண்டு வயதில் வெள்ளத்தாய் ரோட்டில்தான் நிற்க வேண்டும்.

அவளோ எங்களைவிட நிதானமாக இருந்தாள். மில்லில் மத்தியான மணி அடித்ததும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வராண்டாவுக்கு வருவாள், அந்தப் பெண்ணுக்கு எதிரே உட்காருவாள், மூடியில் பாதிச் சோற்றைப் போட்டு அவள் பக்கம் நகர்த்துவாள். முதல் நாள் அந்தப் பெண் சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் சாப்பிட்டாள். அதுவரை நாற்பத்தாறு பேரில் ஒருவர் ஒரு பருக்கை தின்று நாங்கள் பார்த்ததில்லை, ஒருவரிடமும் சாப்பிடுகிறாயா என்று நாங்கள் கேட்டதுமில்லை.

எனக்கு ஆத்திரமாக வந்தது.

"ஏம்மா, ஒனக்குக் கிறுக்கா?" என்றேன். "ஓம் பட்டாவைப் புடுங்க வந்தவளுக்கு நீயே சோறு போட்டுத் தெம்பு ஏத்துதியே."

"பசியா இருக்கா அண்ணாச்சி" என்றாள் வெள்ளத்தாய். "மொத மனு குடுக்க வந்த அன்னிக்கு நான் சாப்பிடாமத்தான் வந்தேன். அதுக்கு முந்துன நாளும் சாப்பிடல. எனக்குத் தெரியும்லா."

நான் கடைக்குத் திரும்பிவிட்டேன். அன்றைக்கு மிஷின் ஓட்ட மனம் வரவில்லை.

விசாரணை நாளில் தெருவே திரண்டு போனோம். இருபது வருடம் அவளுடைய வரியைக் காட்டித்தானே எங்கள் ஃபைல்களை நகர்த்திக்கொண்டோம், ஒரு நாள் அவளுக்காக நிற்க மாட்டோமா என்று எல்லோருக்கும் ஒரு வீராப்பு. தவசிலிங்கம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் நின்றார். தாசில்தார் அம்மா கண்ணாடியை இறக்கிப் பெரியவளைப் பார்த்தார், சின்னவளைப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார்.

"மேடம், இவங்கதான் உண்மையான வெள்ளத்தாய்" என்றார் தவசிலிங்கம், பெரியவளைக் காட்டி. "நாங்க எல்லாரும் இவங்களுக்கு இருக்கோம்."

"சந்தோஷம்" என்றார் தாசில்தார் அம்மா. "மனுவில இருக்கிறதெல்லாம் அந்தப் பொண்ணும் சொல்லுது. மனுவில இல்லாதது ஒண்ணு, இவங்களப் பத்தி யாராவது சொல்லுங்க."

தவசிலிங்கம் யோசித்தார். எங்களைத் திரும்பிப் பார்த்தார். நான் யோசித்தேன். மில்லில் சாக்குத் தைப்பாள், மனுவில் இருக்கிறது. கால்வாய்க் கரையில் குடியிருக்கிறாள், மனுவில் இருக்கிறது. எந்த ஊர்க்காரி, யாரைக் கட்டியிருந்தாள், அவன் என்ன ஆனான், நல்ல நாளில் என்ன சமைப்பாள், காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி வைப்பார்கள். இருபது வருடம் என் கடை வாசலில் நின்றிருக்கிறாள், அவள் கைகாலில் ஒரு தழும்பு இருந்தால்கூட எனக்குத் தெரியாது. நாற்பத்தைந்து பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்படி ஒரு வெட்கம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

தாசில்தார் அம்மா அதிக நேரம் எங்களை நிறுத்தி வைக்கவில்லை. சின்னவள் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. உனக்கு யார் இருக்கா?"

சின்னவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

"எனக்கு வேறு ஆதரவு..." என்று தொடங்கி நின்றுவிட்டாள். அந்த வரியை அவர்களில் ஒருவரும் பாதியில் நிறுத்தி நாங்கள் கேட்டதில்லை. கண்ணைத் தரையிலிருந்து எடுத்துப் பெரியவளைப் பார்த்தாள். அவளுக்கு வேறு வார்த்தை இல்லை, எழுதிக் கொடுத்ததுதான் அவளுடைய மொத்தப் பேச்சும், அதனால் ஒவ்வொரு சொல்லாக எங்கேயோ போய் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இவங்க இருக்காங்க" என்றாள். "சோறு போட்டாங்க."

பஸ் ஸ்டாண்டில் பதினொரு மணி பஸ் ஹார்ன் அடித்தது. நாங்கள் எல்லோரும் பெரிய வெள்ளத்தாயைப் பார்த்தோம். இப்போது ஒரு சொல் சொன்னால் போதும், இல்லை, இவள் யாரோ என்று சொன்னால் போதும், அந்தப் பெண் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவாள், பட்டா வந்துவிடும். தவசிலிங்கம் பின்னாலிருந்து அவளுக்குச் சைகைகூடக் காட்டினார்.

வெள்ளத்தாய் அதைப் பார்த்துவிட்டுத்தான் பேசினாள்.

"நீங்கள்லாம் ஒங்க ஆளை பஸ் ஏத்திட்டீங்க, ஒங்களுக்கு வீட்டுல ஆளு இருக்கு" என்றாள். "நான் எதுக்கு ஏத்தணும்? இவ எங்கூட இருக்கட்டும்." சின்னவளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ் புறப்பட்டுப் போகிற சத்தம் கேட்டது. அந்தப் பெண் போகவில்லை. பெரியவளும் எங்கேயும் போகவில்லை, ஏனென்றால் அவள் கையையும் ஒருத்தி பிடித்துக்கொண்டிருந்தாள்.

தாசில்தார் அம்மா பேனாவின் மூடியைக் கழற்றினார். பட்டா ஒரு பெயருக்குத்தான், கூட இருப்பவருக்கு உறவு எழுதியாக வேண்டும், உறவு என்ன என்று கேட்டார்.

வெள்ளத்தாய் சின்னவளைத் திரும்பிப் பார்த்தாள், விரல் விட்டு எண்ணுவது போல உதட்டை அசைத்தாள். ஐம்பத்திரண்டு, முப்பத்திரண்டு.

"தங்கச்சின்னா நீங்களே நம்ப மாட்டீங்க" என்றாள். "மகள்னு எழுதுங்க மேடம். வயசு சரியாத்தான் இருக்கு."

ஒரே வீட்டில் இரண்டு வெள்ளத்தாயா என்று தாசில்தார் அம்மா கேட்கவில்லை, எங்கள் பக்கம் பெரிய, சின்ன என்று சேர்த்துக்கொண்டால் தீர்ந்தது. எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரையும் வைத்தார். அன்று சாயங்காலம் இருவரும் கால்வாய்க் கரைக்கு நடந்து போகும்போது, சின்னவளின் சேலையில் நீலம் இடுப்புவரைக்கும் இறங்கியிருந்ததை என் கடையிலிருந்து பார்த்தேன். ஆடி மாதம் அது கணுக்கால்வரை வந்துவிட்டது.

தவசிலிங்கம் இப்போது காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில்தான் அடிக்கிறார். மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து எல்லா மாதிரி மனுக்களையும் புது எழுத்தில் திரும்ப அடித்தார், நியாஸ் கூட உட்கார்ந்தான், பரிகாரமாக நானும் சரிபார்த்துக் கொடுத்தேன். அந்தக் கடைசி வரியை எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிட்டார். மனுக்கள் முன்னைப்போல வேகமாக நகர்வதில்லை, ஆனால் அவரவர் மனு அவரவருடையதாகவே இருக்கிறது. நாங்களும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் முழுக்க வாசிக்கிறோம், செண்பகவல்லி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துத் தானும் வாசிக்கிறாள்.

அடுத்த ஜமாபந்திக்குச் சின்ன வெள்ளத்தாய் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க மனு அடிக்க வந்தாள். மில்லிலிருந்து நேரே வந்திருந்தாள், தலையெல்லாம் சாக்குத் தூசி, விரல்களில் கோணி ஊசி குத்திய புள்ளிகள். அவளுடைய அம்மா வெளியே என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து மூட்டுவலியைத் திட்டிக்கொண்டிருந்தாள். தவசிலிங்கம் பெயரை அடித்தார், அப்பா பெயர் வருகிற இடத்தில் அம்மா பெயரை அடித்தார், வயதுக்கு வந்ததும் இருபது வருடப் பழக்கத்தில் விரல் தானாகவே போய் முப்பத்திரண்டு என்று அடித்துவிட்டது.

"இல்ல மாமா" என்றாள் சின்னவள், திரையைக் காட்டி. "எனக்கு இப்ப முப்பத்து மூணு."

தவசிலிங்கம் இரண்டை அழித்துவிட்டு மூன்றை அடித்தார்.